பானட்டைத் திறந்தால் கூடும் சபை

மீட்டர் மாற்றியதும் மக்கர் செய்யும் காரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பது இருக்கட்டும். அதற்கு முன் என் அடுக்ககத்துக்காரர்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். நேற்றுக் காலையிலிருந்து வயிறு எரிகிறது.

என்னுடையது பழைய ஜெர்மன் கார். பெட்ரோல் முள் நிரந்தரமாகப் படுத்துவிட, மெக்கானிக் புதுப்பேட்டையில் பழைய மீட்டர் ஒன்று பிடித்து மாட்டிக் கொடுத்தார். முள் எழுந்துவிட்டது. வண்டிதான் படுத்துவிட்டது. செல்ஃப் எடுக்கும், ஸ்டார்ட் ஆகும், இரண்டே விநாடியில் அணையும். சாவிப் படம் போட்ட விளக்கு ஒன்று கண்ணடிக்கும்.

பானட்டைத் திறந்தேன். மூன்றாம் மாடிக்காரர் பால் பாக்கெட்டோடு ஆஜர்.

"பேட்டரி சார்."

"செல்ஃப் நல்லா எடுக்குதே?"

"எடுக்கும். ஆனா பேட்டரிதான்."

அடுத்து வந்தவர் பொதுப்பணித் துறையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். அம்பாசடர் காலத்து ஞாபகத்தில், கார்புரேட்டரைக் கழற்றி ஊதச் சொன்னார். கார்புரேட்டர் கிடையாது என்றேன். "அதான் கோளாறு" என்றார். இஸ்திரிக்காரர் எலி என்றார். எலிக் கட்சிக்கு உடனே கூட்டம் சேர்ந்துவிட்டது. புகையிலை கட்டுவதா, ரசகற்பூர உருண்டை போடுவதா என்று அது இரண்டாகவும் உடைந்தது. மாமி ஒருவர், அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினேனா என்று விசாரித்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர், "என் மச்சினன்கூட இதே வண்டிதான் வெச்சிருந்தான்" என்றார்.

"என்ன பண்ணார்?"

"வித்துட்டான்."

விஷயம் இதுதான். சாவியின் தலைக்குள் ஒரு சில்லு. அதற்கென்று பேட்டரியே கிடையாது (மூன்றாம் மாடி கவனிக்க). சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில்தான் அதை எழுப்பிப் பேச வைக்கும். அந்தப் பதிலைச் சரிபார்க்கும் வேலையை, வண்டி முழுக்க வேறு இடமே இல்லாததுபோல, இந்த மாடலில் மீட்டருக்குள் வைத்திருக்கிறார்கள். மீட்டர் தலையாட்டினால்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். வந்து சேர்ந்த மீட்டருக்கு என் சாவியையும் தெரியாது, என் இன்ஜினையும் தெரியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பேர் இம்மொபிலைசர்; ஜெர்மனியில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். அங்கே எவனோ திருடினான். இங்கே நான் பஸ்ஸில் போகிறேன். புது மீட்டரைச் சமாதானப்படுத்த, அது முன்பிருந்த காரின் ரகசிய எண் வேண்டுமாம். அந்தக் கார் புதுப்பேட்டையில் எத்தனை துண்டாகக் கிடக்கிறதோ! கஸ்டமர் கேரில் கேட்டால் ஆர்.சி. புத்தகம் கேட்கிறார்கள். என் வண்டியுடையது அல்ல, அந்த வண்டியுடையது.

இதையெல்லாம் சபைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தள்ளிப் பாத்துருவோம்" என்றார்கள். தள்ளினால் இது ஸ்டார்ட் ஆகாது என்று நான் கத்தியது, "ஐலசா"வில் எடுபடவில்லை. வாசல் கேட் வரை தள்ளி, சரியாகக் குறுக்கே நிறுத்திவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிறது என்று ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பத்து மணிக்கு அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு ஒரு செய்தி: "கேட்ல குறுக்க நிக்கிறது எவன் வண்டி? கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?"

போட்டவர் மூன்றாம் மாடி.