லைசென்ஸ் இல்லாமல் விற்கும் சரக்கு

2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோ மஞ்சள் தடம் வந்ததிலிருந்து பொம்மசந்திராவில் எந்தக் கடை போட்டாலும் ஓடும் என்கிறார்கள். ஐடி வேலையை உதறிவிட்டுச் செக்கெண்ணெய் விற்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. தைரியசாலிகள் தாத்தாவின் துப்பாக்கிக் கடையை எடுத்து நடத்தட்டும்.

எம்பிஏ படித்த பேத்தி முதலில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று போர்டு வைப்பாள். ஒரு வாடிக்கையாளர் ஆயுளில் ஒரே முறைதான் அதில் பயன்பெற முடியும். 2019 ஆயுதச் சட்டத் திருத்தம் சாமானியருக்கு இரண்டு துப்பாக்கியோடு நிறுத்திவிட்டது. அதற்கு முன் மூன்று. போதாததற்கு, ஒவ்வொரு தோட்டாவையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

பிறகு வருமானம்? தேர்தல்தான். தேதி அறிவித்ததும் லைசென்ஸ்காரர்கள் பலர் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனிலோ, அனுமதி பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். கடைக்காரர் சீட்டுக் கட்டி, ரசீது கிழித்து, காவல் கட்டணம் வாங்கிக்கொள்வார். கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவரின் தொழில்தான். பூட்டு மட்டும் பெரிது.

இதே கர்நாடகத்தில் குடகர்களுக்கு லைசென்ஸே வேண்டாம், விலக்குச் சான்று போதும். வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. 2029 வரை நீட்டித்தாயிற்று, 2021-இல் உயர்நீதிமன்றமும் சரியென்றுவிட்டது. கைல்போத் பண்டிகையன்று துப்பாக்கிக் குழாயில் செங்காந்தள் பூவைச் செருகிக் கும்பிடுவார்கள். நம் தமிழ்நாட்டு மாநில மலரேதான். பேத்தி கடை வாசலில் ஒரு வாளி செங்காந்தள் வைக்கலாம். லைசென்ஸ் கேட்காமல் விற்க அந்தக் கடையில் வேறு சரக்கு கிடையாது.