ஒன்பது அங்குல யோகி

சென்னையின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவராவது இருப்பார். பெரிய குடியிருப்பென்றால் பிளாக்குக்கு ஒருவர். வருஷத்தில் இரண்டு முறை மொட்டைமாடியில் தென்படுவார்: ஜனவரி முதல் வாரம் ஒரு முறை, ஜூன் மூன்றாவது வாரம் ஒரு முறை. மற்ற நாட்களில் அந்த இடத்தில் வடாம் காயும்.

ஐம்பதைத் தொட இரண்டு வருஷம் பாக்கி. கணக்குத் தணிக்கை உத்தியோகம்; நாளைக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலிவாசம். மாஸ்டர் செக்கப் அறிக்கையில் ஏதோ ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட, யோகா என்று முடிவாயிற்று. முடிவெடுத்த மாலையே ஆர்டரும் போட்டாயிற்று. ஆறு மில்லிமீட்டர் கனத்தில் மயில்நீல மேட், கார்க் கட்டைகள் இரண்டு, ஒரு பெல்ட், செம்பு பாட்டில், நடந்தால் கிசுகிசுக்கிற ஒரு பேண்ட்.

"ஏங்க, இதெல்லாம் இல்லாம குனிய முடியாதா?" என்றார் மனைவி.

"ஐயங்காரே கட்டையும் கயிறும் வச்சுத்தான் சொல்லிக்கொடுத்தார், தெரியுமா?"

தகவல் சரிதான். 1918-இல் கர்நாடகத்து பெள்ளூரில் பிறந்த பி.கே.எஸ். ஐயங்கார் சிறு வயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று ஒவ்வொன்றுக்கும் தலை கொடுத்து மீண்டவர். வளையாத உடம்புக்காரர்களும் ஆசனத்துக்குள் வரட்டும் என்றுதான் கட்டை, பெல்ட், கயிறு, நாற்காலி எல்லாவற்றையும் பாடத்துக்குள் கொண்டுவந்தார். நம்மவர் வீட்டில் ஒரு கார்க் கட்டை கடல்காற்றில் படுக்கையறைக் கதவு அறைந்துகொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது. இன்னொன்று இருக்கும் இடம் தெரியவில்லை.

விஷயஞானத்தில் அவரை அசைக்க முடியாது. பதஞ்சலி சூத்திரங்கள் 195-ஆ 196-ஆ என்கிற பாடபேதம் வரை தெரியும். அதில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றே சூத்திரங்கள் என்பதும், அசையாமல் சுகமாக இருக்கும் இருப்புதான் ஆசனம் என்பது அதன் சாரம் என்பதும் தெரியும். ஐயங்காரும் அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியும் ஆசனம் போட்டுக் காட்டும் 1938-ஆம் வருஷத்து மைசூர் ஊமைப்படத்தை நாலு தடவை பார்த்திருக்கிறார், மேட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு. அந்தக் கிருஷ்ணமாச்சாரி பிற்பாடு சென்னைக்கே குடிவந்து, நூறு வயது நிறைந்து, 1989-இல் இங்கேயே காலமானவர். 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சை வேண்டாமென்று சொல்லி, படுக்கையிலேயே செய்கிற மாதிரி தமக்கொரு பயிற்சி வகுத்துக்கொண்டார் என்பார்கள். இந்த வரலாற்றிலிருந்து நம்மவர் எடுத்துக்கொண்டது படுக்கையை மட்டும்.

பிரச்சினை ஒன்பது அங்குலம். குனிந்தால் விரல்நுனிக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே அவ்வளவு தூரம் மிஞ்சுகிறது. உத்தேசமாகச் சொல்லவில்லை, பையனுடைய பன்னிரண்டு அங்குல ஸ்கேலைக் கேட்டு வாங்கி, மனைவியைப் பிடிக்கச் சொல்லி, தணிக்கையாளருக்குரிய சிரத்தையோடு அளந்தது. கைபேசி காணொளியில் பாலித் தீவுக் கடற்கரையில் ஒரு பெண் ஒடிவதுபோல் மடிந்து நெற்றியை முழங்காலில் ஒட்டுகிறாள். 'லைட் ஆன் யோகா' புத்தகத்தின் சுமார் அறுநூறு படங்களில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஐயங்கார் சிரமமே இல்லாமல் இருக்கிறார். நம்மவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டி அழுத்தியதில் ஒன்பது எட்டே முக்காலாயிற்று. மறுநாள் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டதில் லிஃப்ட் இல்லாத ஆபீசுக்கு லீவு போட வேண்டியதாயிற்று. நாளெல்லாம் நாற்காலியில் மடங்கிக் கிடக்கிற தசை, காலை ஆறரைக்குக் கூப்பிட்டவுடன் நீளுமா?

அவருடைய பெரிய நம்பிக்கை ஜூன் 21. ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பர் 11-இல் யோகா தினம் அறிவித்ததும், 177 நாடுகள் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துகொண்டதும், 2015-இல் தில்லி ராஜபாதையில் 35,985 பேர் கூடி கின்னஸில் ஏறியதும் விரல்நுனியில். அந்த 35,985 பேரில் ஜூன் 22 காலையில் எத்தனை பேர் பாய் விரித்தார்கள் என்று கின்னஸ்காரர்கள் எண்ணவில்லை. அது அவர்கள் வேலையுமில்லை. நம்மவர் 22 அன்று உடல்வலி, 23 அன்று ஆடிட், 24 அன்று மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று பயணித்து, மாதக் கடைசியில் மேட்டைச் சுருட்டி பீரோ மேல் சாய்த்துவிடுவார். ஒரு நாள் விட்டுப்போனால் மொத்தமும் போயிற்று என்பது அவர் கட்சி. இதை எழுதுகிறவரின் வீட்டு பீரோ மேலும் ஒரு மேட் உண்டு; அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

எதிர்வீட்டில் எழுபத்திரண்டு வயதில் ஓர் அம்மா, டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்திலேயே மனவளக்கலை மன்றத்தில் சேர்ந்தவர். இன்றைக்கும் 'ஹலோ'வுக்குப் பதில் 'வாழ்க வளமுடன்'தான். கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியை — கை, கால், மூச்சு, கண் என்று வரிசையாக — மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில், புடவையைச் செருகிக்கொண்டு, பழைய கோரைப்பாயில் செய்வார். முட்டி வலிக்கிற நாளில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி. ரொம்ப வலித்தால் மூச்சோடு சரி.

நம்மவர் தலை மாடியில் தெரிய வந்ததற்கு இந்த முறை யோகா காரணமல்ல. சம்ப் மோட்டாரின் தானியங்கி சுவிட்சு கெட்டுப்போய், தொட்டி நிரம்பும் இருபது நிமிஷமும் யாராவது மேலே நின்று பார்க்க வேண்டும் என்று சங்கத்தில் முறை போட்டார்கள். காலை ஆறு மணி முறை, செயலாளர் என்ற தோஷத்தால், இவர் தலையில் விழுந்தது. மேட்டில் மனைவி ஜவ்வரிசி வடாம் பிழிந்திருந்தார். சும்மா நின்றவர் பழக்கதோஷத்தில் குனிந்தார், முகம் சிவந்தது.

"என்ன தம்பி, கீழ ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்லம்மா, பாதஹஸ்தாசனம். ஒன்பது அங்குலம் இடிக்குது."

"முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்க வேண்டியதுதானே?"

"புத்தகத்துல நேரா இருக்கே!"

"புத்தகத்துல இருக்கிறவருக்கு நேரா வருது. உனக்கு எது வருதோ அதைச் செய். எனக்கு இன்னிக்கு வலது முட்டி வரல, விட்டுட்டேன்."

நம்மவருக்கு இதுவும் தெரிந்த சங்கதிதான். ஆளுக்கேற்ப ஆசனம், ஆசனத்துக்கேற்ப ஆள் அல்ல என்பதைத்தான் கிருஷ்ணமாச்சாரியின் மகன் தேசிகாச்சார் 1976-இல் இதே ஊரில் யோக மந்திரம் தொடங்கிக் கற்பித்தார் என்று போன மாதம்கூட மைத்துனருக்கு விளக்கியிருந்தார். அந்த ஆளில் தாமும் அடக்கம் என்பதுதான் தோன்றவில்லை. முட்டியை மடக்கினார். கை சிமெண்ட் தரையைத் தொட்டது. சூடாக இருந்தது.

மோட்டார் சுவிட்சை மாற்ற சங்கத்துக்கு நாலு மாதம் பிடித்தது. செயலாளர் அவசரப்படுத்தவில்லை. நடுவில் ஐந்தாறு நாள் வெளியூர்; திரும்பி வந்த காலையிலும் தொட்டி நிரம்ப வேண்டியிருந்ததால் மாடிக்குப் போனார், லுங்கியோடு. கிசுகிசுக்கும் பேண்ட் எங்கே என்று மனைவி கேட்கவில்லை. ஜூன் 21 வந்துபோனது அவருக்கு மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. எத்தனை அங்குலம் என்று பார்க்க ஒருநாள் ஸ்கேலைத் தேடினார். பையன் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டிருந்தான். புதிதாக ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டே குனிந்திருந்தபோது கீழேயிருந்து சத்தம் வந்தது.

"ஏங்க! தொட்டி வழியுது பாருங்க!"