நாலு பரப்புக் கோல்ப்

போன ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வந்து நின்ற அத்தான், திரும்பிப் போகும்போது பாரம் கூடிவிட்டது என்று ஒரு பையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பாரத்தைக் கூட்டியது அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் புழுக்கொடியலும். அவற்றுக்கு இடம் விட்டு வெளியே வந்தவை 14 கோல்ப் தடிகள். ஓர் ஆட்டக்காரர் அதற்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். நீட்டுப் பைக்குள் 14 கம்பிகளைப் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் வர ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் எவருக்கும் துணிவு வந்திராது. அத்தான் வந்திறங்கிய அன்று ஓட்டோக்காரத் தம்பி, "உது என்ன அண்ணை, நாதஸ்வரமோ?" என்று கேட்டதோடு சரி.

"பழகி வை மச்சான். அடுத்தமுறை வரேக்கை நுவரெலியாவிலை போய் விளையாடுவம்" என்று சொல்லிவிட்டு அத்தான் விமானம் ஏறினார்.

நுவரெலியாவில் வெள்ளைக்காரர் 1889இலேயே கோல்ப் கழகம் தொடங்கிவிட்டார்கள். கொழும்பில் அதற்கும் முன், 1879இல். அந்தக் கொழும்பு மைதானத்துக்குள்ளால் களனிவெளி ரயில் ஓடுகிறது. ரயில் எங்களுக்கும் இருக்கிறது. 1990இல் நின்று 2014இல் திரும்பி வந்த ரயில். மைதானம்தான் இல்லை. 18 குழி மைதானத்துக்குக் குறைந்தது 100 ஏக்கர் என்று வைத்தாலும், ஏக்கருக்கு 16 பரப்புப்படி 1600 பரப்பு வேண்டும். எங்கள் வளவு நாலு பரப்பு. அதற்குள் வீடு, கிணறு, பதினொரு தென்னை, இரண்டு மாமரம், அம்மா.

ஆனால் ஒரு விசயம். கோல்ப் வளர்ந்தது ஸ்கொட்லாந்துக் கடற்கரையோர மணலில். அந்தக் கணக்கில் நுவரெலியாப் பச்சைப் புல்லைவிட எங்கள் தென்மராட்சி மணல்தான் இந்த ஆட்டத்துக்குக் கிட்டின சொந்தம். இதை நான் அம்மாவுக்கு விளங்கப்படுத்தியிருக்கக் கூடாது. 1457இல் ஸ்கொட்லாந்து அரசன் இரண்டாம் ஜேம்ஸ், சனம் வில்வித்தை பழகாமல் இதிலேயே பொழுதைப் போக்குகிறது என்று கோல்பைத் தடைசெய்த கதையையும் சேர்த்துச் சொன்னேன். "அந்த மனிசனுக்கு அப்பவே விளங்கியிருக்கு" என்றா அம்மா.

பயிற்சிகளைக் கைப்பேசிக் காணொளிகளில் பார்த்துப் படித்தேன். முதலாவது, மணலில் ஒரு கோடு கீறி, பந்து இல்லாமலே தடியை வீசிப் பழகுவது. தடி மண்ணைக் கிளப்பும் இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம், பந்து போகவேண்டிய திசையில், இருக்க வேண்டும். முதலில் பந்து, பிறகுதான் மண். இரும்புத் தடியின் சூட்சுமம் முழுக்க இதுதான். எனக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு சாண் இந்தப் பக்கம்தான் மண் பறந்தது. விடிய எழும்பி அம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் அலை அலையாகக் கூட்டிவைத்த முற்றம் அது. மூன்றாம் நாள் அவ வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "கிடங்கு வெட்டுறதெண்டு வெளிக்கிட்டிட்டாய், ஒரு முழத்துக்கு வெட்டு. வாழைக்குட்டி வைக்கலாம்" என்றா. வேலியோரம் இப்போது இரண்டு கதலி நிற்கிறது.

இரண்டாவது, துவாயை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, இரண்டு நுனியையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு அரை வீச்சு வீசுவது. துவாய் விழாவிட்டால் கையும் உடம்பும் ஒன்றாகத் திரும்புகின்றன என்று அர்த்தம். ஒழுங்கையால் சைக்கிளில் போன வாத்தியார் ஐயா காலை ஊன்றி நின்று, "காய்ச்சல் பாக்கிறீரோ? தேர்மோமீற்றரை ஆட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடகப் பயிற்சி மட்டும் கொஞ்சம் கைவந்தது. பத்து யார் தூரத்தில் பனையோலைக் கடகத்தை வைத்து, சரிவு கூடிய தடியால் பந்தை மெல்லக் கிளப்பி அதற்குள் விழுத்துவது. இருபதுக்கு மூன்று விழுந்தது. அந்த மூன்றும் கடகத்துக்குள் கிடந்த வெங்காயத்தில் விழுந்தபடியால் இந்தப் பயிற்சி அன்றோடு நின்றது.

என் வியாதி என்னவென்று எனக்கே தெரியும்: தலை. சின்னனில் கிட்டிப்புள்ளு அடித்து வளர்ந்தவன் நான். புள்ளைக் கிளப்பி அடித்த கணமே, அது எங்கே போகிறது, எவன் பிடிக்கப் போகிறான் என்று தலை நிமிர்ந்துவிடும். கோல்பில் அந்த நிமிர்வுதான் நஞ்சு. தலை எழும்ப நெஞ்சு எழும்பும். தடி பந்தின் மண்டையில் மட்டும் தட்டும். அதற்கும் மருந்து உண்டு. பந்துக்குக் கீழே ஒரு அஞ்சு ரூபாய்க் குத்தியை வைத்து உருட்ட வேண்டும். பந்து போனபிறகும் கண் குத்தியிலேயே இருக்க வேண்டும். விறாந்தைச் சீமெந்தில், 108 மில்லிமீற்றர் குழிக்குப் பதிலாக ஒரு சிரட்டையைச் சரித்து வைத்துப் பழகினேன். நான் குத்தியைப் பார்த்ததே இல்லை. பந்து விறாந்தையால் இறங்கி, முற்றம் கடந்து, வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து மாமி வீட்டுக்குப் போவதைத்தான் பார்த்தேன்.

தொலைந்த பந்தைத் தேட இப்போது 3 நிமிடம்தான். 2019இல் 5ஐ 3 ஆகக் குறைத்தார்கள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. கொஞ்சம் தள்ளி முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்ற காலத்தில், பற்றைக்குள் போன எதையும் எவரும் அரை நிமிடமும் தேடியதில்லை.

மாமி வளவில் அந்தப் பயம் இல்லை. முதல் இரண்டு பந்தும் தொலைந்து, மூன்றாவதும் பொட்டுக்குள்ளால் போன அன்று படலையைத் திறந்துகொண்டு போனேன். மூன்றாவது பந்து பத்திக்குள், வைக்கோலில் அடைகிடந்த கோழிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. எடுக்கக் குனிந்தேன். அதற்கு முன் கோழி கழுத்தை நீட்டியது. அலகின் அடிப்பக்கத்தைப் பந்துக்கு அப்பால் வைத்து, மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்தது. பந்து இடப்பக்கம் சரிந்தால் அலகும் இடப்பக்கம், வலமென்றால் வலம். அவசரம் இல்லை. என்னை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பந்து நெஞ்சுச் சிறகுக்குக் கீழே போய் மறைந்த பிறகுதான் தலை எழும்பியது.

கோல்ப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றர். ஊர்க்கோழி முட்டையின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கோழியைக் குறை சொல்ல ஏலாது.

"மாமி, மூண்டு பந்து..."

"கையை வையாதை! அதுக்குள்ளை ஒம்பது முட்டை வைச்சிருக்கிறன். குழப்பினால் எழும்பிப் போடும். இருபத்தொரு நாள் முடியட்டும், பேந்து வந்து எடு."

பையில் இருந்தது மொத்தமே மூன்று பந்து. நேற்று அத்தான் தொலைபேசியில், "எப்பிடி, பழகுறியோ?" என்று கேட்டார். ஒரு நல்ல ஆளைப் பிடித்திருக்கிறேன், பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கிறேன் என்றேன். இன்றைக்குப் பதினோராம் நாள்.