காதைத் தொடும் கலை: பள்ளி ஆயத்தம் குறித்த ஓர் ஆய்வு

வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட முடிகிற குழந்தை ஒன்றாம் வகுப்புக்குத் தகுதியுடையது. வீட்டில் பிறப்புச் சான்றிதழ் இருப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் தமிழ்நாட்டுத் தலைமையாசிரியர்கள் கைக்கொண்ட அளவுகோல் இது. இந்தோனேசியாவிலும் தான்சானியாவிலும் இதே வழக்கம் இருந்திருப்பதால், இதைத் தமிழரின் கண்டுபிடிப்பு என நிறுவ முயல்வோர் சற்றுப் பொறுக்க வேண்டும்.

முறையின் அடிப்படை உடற்கூறு. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. தலை முந்திக்கொண்டு வளர்ந்துவிட, கை சாவகாசமாக வந்து சேர்கிறது. விரல் நுனி மறுபக்கக் காதை எட்டுவது ஏறத்தாழ ஐந்து, ஆறு வயதில். ஆகவே கருவி நல்ல கருவிதான், செலவும் இல்லை. அது அளப்பது வயதை அல்ல, கையை என்பதே குறை. நெட்டைப் பிள்ளை முன்னதாகவே தேறிவிடும். பேரனின் பெரிய மண்டையை அறிவுக்கு அடையாளமாகப் பாட்டி பாராட்டியிருப்பாள். அந்த மண்டையாலேயே அவன் இன்னொரு வருடம் வீட்டில் இருப்பான்.

பயிற்சியால் வெல்ல முடியாத தேர்வு இது என்று எண்ணுவது பிழை. மே மாதம் முழுவதும் திண்ணைகளில் பயிற்சி நடந்தது. கழுத்தைச் சாய்த்துத் தலையைக் கையிடம் கொண்டுபோதல் முதல் உத்தி. தோளை உயர்த்துதல் இரண்டாவது. இடது கையால் காதை மேலே இழுத்துக் கொடுப்பது மூன்றாவது. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பவருக்கு இது உடனே தெரிந்துவிடுவதால் பரிந்துரைக்கத் தக்கதல்ல. தோற்றவர்க்கான தீர்ப்பு ஒரே வாக்கியம்: “அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க.” வகுப்பில் இடம் காலியாக இருந்தால், எட்டாத காதும் எட்டியதாகவே கொள்ளப்பட்டது.

தேறிய பிள்ளைக்குப் பிறந்த தேதி வேண்டும். பெற்றோர் நினைவில் இருப்பதோ ஒரு புயல், அல்லது பக்கத்து வீட்டுக் கல்யாணம். தலைமையாசிரியர் ஜூனிலிருந்து ஐந்து வருடம் பின்னோக்கி எண்ணி, மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு நாளைப் பதிவேட்டில் எழுதினார். ஒரே ஊரில் இத்தனை பேர் கோடையில் பிறந்ததற்குப் பஞ்சாங்கத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. இதன் விளைவு அரசு நிர்வாகம் வரை சென்றது: தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் பெரும் எண்ணிக்கையில் மே 31 அன்று ஓய்வு பெறுவார்கள். காதில் தொடங்கியது ஓய்வூதியத்தில் முடிந்தது.

விஜயதசமி மரபு இதனினும் தாராளமானது. அங்கே காது கேட்கப்படுவதில்லை. தட்டில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கிறார்கள். திருவாரூர் மாவட்டம் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் அன்று இதற்கெனவே கூட்டம். எழுதுவது பெரியவரின் கை என்பதால் எவரும் தோற்றதில்லை.

எல்.கே.ஜி. யுகத்தில் அளவுகோல் வாய்க்கு இடம் மாறியது. பெயர், நிறங்கள், யானைக்கு எத்தனை கால் என்பவை பாடத்திட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டுவதைத் தடை செய்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். வீட்டில் நடக்கும் வடிகட்டலுக்கு அபராதம் ஏதுமில்லை. அங்கே வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் தேர்வாளர். குழந்தை எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி, முறுக்கு பெற்று, பள்ளியில் பிரின்ஸிபால் முன்னால் மட்டும் வாய் திறக்காது.

முதல் நாளுக்கு உண்மையில் தேவைப்படும் தேர்ச்சிகள் மூன்று. டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறத்தல், அவற்றுள் தலையாயது. பாட்டிலின் திருகு மூடியைத் திறப்பது அடுத்தது. அதை மறுபடி மூடுவது உயர்நிலைப் படிப்பு. ஒண்ணுக்கு வந்தால் வருவதற்கு முன்பே மிஸ்ஸிடம் சொல்வது மூன்றாவது. இவற்றை எந்த விருந்தாளியும் கேட்பதில்லை. அதனால் எந்த வீட்டிலும் பயிற்சி இல்லை. கடையில் இருப்பதிலேயே இறுக்கமான டப்பாவை, குழம்பு சிந்தாது என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுப்பதும் பெற்றோர்தான். அது மாலையில் உள்ளே இட்லியோடு முழுசாகத் திரும்பி வரும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று வீட்டில் முடிவு செய்வார்கள்.