சுவிட்சு போட்ட மனு

சாரல் காலத்தில் குற்றாலம் போகிற காருக்கு எஞ்சின்கூட இரண்டாம்பட்சம்தான். எஞ்சின் நின்றால் தள்ளிவிட ஆள் கிடைப்பார்கள். வைப்பர் நின்றால் எதிரே வருவது பஸ்ஸா, மாட்டு வண்டியா என்பதைக் குத்துமதிப்பாக முடிவு செய்துகொள்ள வேண்டும். தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகப் போனால் ஐந்து கிலோமீட்டர் தொலைவுதான். அதற்குள் வெயிலும் தூறலும் சேர்ந்து விழும். மழை என்று குடை விரிக்கவும் முடியாது, இல்லை என்று மடக்கவும் முடியாது.

அப்பா கார் வைத்திருந்தது மாருதி 800 வருவதற்கு முந்தைய காலம். அதாவது 1983 டிசம்பருக்கு முன்பு. அப்போது ரோட்டில் ஓடியவை பெரும்பாலும் அம்பாசடரும் பியட்டும்தான். எங்களுடையது இரண்டில் எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றதை வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். பல கை மாறி வந்த வண்டி. அதன் வைப்பர் சித்திரை, வைகாசியில் பிரமாதமாக வேலை செய்யும். ஆனி பிறந்து மேற்கே மலையில் மேகம் இறங்கினால் படுத்துவிடும்.

அதற்கு அப்பாவிடம் ஏற்பாடு இருந்தது. மோட்டாரிலிருந்து லிங்க் ராடைக் கழற்றிவிடுவார். வைப்பர் கையில் சணல் கயிற்றைக் கட்டி, ஒரு முனையை இடது ஜன்னல் வழியாக முன் சீட்டில் இருக்கும் என்னிடமும், மறுமுனையை வலது பின் ஜன்னல் வழியாகச் சித்தப்பாவிடமும் கொடுப்பார். நான் ஒரு இழுப்பு, சித்தப்பா ஒரு இழுப்பு. சித்தப்பாவுக்கு அரசியல் பேச்சு வந்துவிட்டால் கயிறு தளர்ந்துவிடும், வைப்பர் என் பக்கமே சாய்ந்து கிடக்கும். “ஏலே, இழுங்கலே!” என்று அப்பா கத்துவார். சித்தப்பாவையும் சேர்த்துத்தான் அந்த ‘ஏலே’.

கயிறும் அறுந்தால் ஆச்சி. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து புகையிலையைக் கிள்ளிக் கொடுப்பாள். ஈரக் கண்ணாடியில் அதைத் தேய்த்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிந்து போகும். ஓரளவு ரோடு தெரியும். வெற்றிலைக்குப் புகையிலை போச்சே என்ற ஆச்சியின் புலம்பல் ஐந்தருவி வரை கூடவே வரும்.

நிரந்தர வைத்தியத்துக்கு வயர்மேன் அண்ணாச்சியிடம் போவோம். அவருடைய கருவி ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பு, அதிலிருந்து நீண்ட இரண்டு வயர்கள். ஒன்றை வண்டியின் பாடியில் கவ்வவிட்டு, மற்றதால் பேட்டரியிலிருந்து தொட்டுக்கொண்டே வருவார். “கரண்டு எதுவரைக்கும் வருதுன்னு பல்பு சொல்லும். ஏன் நிக்குதுன்னு நான் சொல்லுதேன்” என்பார். சொல்லியும்விடுவார். பியூஸ் போயிருந்தால் சிகரெட் பெட்டியின் ஈயத் தாளைச் சுருட்டி அந்த இடத்தில் செருகுவார். வண்டி உடனே உயிர் பெறும். அடுத்த முறை கோளாறு வரும்போது பியூஸ் போகாது. பியூஸ் பார்க்க வேண்டிய வேலையை வயரே பார்த்து வெந்துபோகும். அந்தக் காலத்துக் கார்களைப் பற்றிக் கண் கலங்குகிறவர்கள் இந்த வயர் வெந்த வாசனையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இப்போது என்னிடம் இருக்கும் காரில் கயிற்றுக்கு வேலை இல்லை. வைப்பர் நிற்பதில்லை என்பதுதான் இதன் கோளாறு. சாரல் முடிந்து மாதங்கள் கழிந்து, பங்குனி வெயிலில் காசி விசுவநாதர் கோயில் பக்கம் நிறுத்தியிருந்தபோது, காய்ந்த கண்ணாடியில் ‘கறக் கறக்’ என்று தானாக ஆட ஆரம்பித்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, உங்க வண்டிக்கு மட்டும் மழை தெரியுதோ?” என்றார். அன்று ராத்திரி கதவுகள் தாமாகப் பூட்டித் திறந்து பூட்டின. உள்விளக்கு அணைய மறுத்தது. விடியும்போது பேட்டரி காலி.

இங்கேதான் காலம் மாறியது புரிந்தது. அப்பாவின் வண்டியில் சுவிட்சைத் தட்டினால் கரண்டு அந்தச் சுவிட்சு வழியாகவே ஓடி மோட்டாரைச் சுற்றும். என் வண்டியில் சுவிட்சு ஒரு மனு போடுகிறது, அவ்வளவுதான். ‘இன்னார் கண்ணாடியைத் துடைக்கச் சொல்கிறார், ஆவன செய்யவும்.’ மனு போய்ச் சேரும் அலுவலகத்தின் பெயர் பாடி கன்ட்ரோல் மாட்யூல், பட்டறையில் பிசிஎம். அது சாவி நிலை என்ன, வேகம் என்ன என்று பரிசீலித்துவிட்டு ரிலேவுக்கு உத்தரவு போடும். கதவுப் பூட்டு, ஜன்னல், இண்டிகேட்டர், ஹெட்லைட், ஹாரன் எல்லாமே அந்த ஒரே மேசைக்குத்தான் போகின்றன.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. காரில் வசதி கூடக் கூட, ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுத்து வயரிங் கிட் தடித்துக்கொண்டே போனது. முறுக்கிய இரண்டே வயர்களில் பல மாட்யூல்கள் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் ‘கேன்’ முறையை போஷ் நிறுவனம் 1986இல் டெட்ராய்ட் மாநாட்டில் அறிமுகப்படுத்தியது. வயர் குறைந்தது, எடை குறைந்தது. அலுவலகமே நனைந்து போனால் என்ன ஆகும் என்பது டெட்ராய்ட்டில் கவலையாக இருந்திருக்காது. அவர்களுக்குச் சாரல் தெரியாது.

நனைந்துதான் போயிருந்தது. வயர்மேன் அண்ணாச்சியின் மகன்தான் இப்போது பட்டறையைப் பார்க்கிறார். அப்பாவின் பல்பு ஆணியில் தொங்குகிறது. எடுக்கப் போன என் கையைத் தடுத்தார். “அது இழுக்கிற கரண்டுக்கு மாட்யூல் செத்துரும், சார்.” ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். எரர் கோடுகள் வரிசையாக வந்தன. எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியைக் கைகாட்டின. வைப்பருக்கு அடியில் இருக்கும் கிரில்லைக் கழற்றினால், உள்ளே குற்றால மரங்களின் இலைகள் மக்கி, தண்ணீர் வடியும் துளையை அடைத்திருந்தன. வடிய வழியில்லாத தண்ணீர் வயரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி, டிரைவரின் காலருகே கறுப்புப் பெட்டிக்குள் சொட்டியிருக்கிறது. கப்ளரைப் பிடுங்கிக் காட்டினார். பின்களில் பச்சைக் களிம்பு. இரண்டு பின்கள் களிம்பாலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. சுவிட்சு போடாத மனுவை அந்தக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தது.

“அப்பான்னா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டியிருப்பாரு” என்றார் மகன். தேய்த்தும் பார்த்தார். உள்ளே போர்டிலும் பச்சை ஏறியிருந்ததால் பலன் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய மாட்யூல் கிடைக்காதா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் அது வேறொரு காரின் பதினேழு எழுத்துச் சேசிஸ் நம்பரை மனப்பாடம் செய்து வைத்திருக்கும். என் சாவியைக் கண்டால் திருடன் என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே புதிது.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது. மனு கொடுக்க இனி திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டாம் என்று ஊரே மகிழ்ந்தது. என் காரின் மனு மட்டும் பழைய தலைமையிடத்துக்கே போனது. புதுப் பெட்டிக்கு முன்பணம் கட்டியது அங்கேதான். பெட்டி வந்ததும், பிறகு கோடிங் போட லேப்டாப்புடன் ஒரு தம்பி கிளம்பியதும் அங்கிருந்துதான்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பெட்டியை மாற்றி, கப்ளர்களைச் செருகும் வேலை ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. அதன் பிறகுதான் வேலையே. புதுப் பெட்டிக்குத் தான் எந்தக் காருக்குள் இருக்கிறோம் என்று தெரியாது. ஸ்டியரிங் வலது பக்கம், பவர் ஜன்னல் நான்கு, மழை சென்சார் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இருக்கிற சாவி அத்தனையும் நேரில் ஆஜராக வேண்டும். ஒன்று சென்னையில் இருக்கும் என் மகனிடமிருந்து கூரியரில் வந்தது. நடுவில் “சர்வர் வரலை” என்றார் தம்பி. அப்பா காலத்தில் வண்டி நின்றால் நாங்கள் கயிறாவது இழுத்தோம். இப்போது மூன்று பெரிய மனிதர்கள் ஒரு திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சர்வர் வந்தது. கடைசியில் ஜன்னல்களுக்கும் பாடம்: சுவிட்சை மேலே இழுத்துப் பிடித்து, கண்ணாடி எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் கற்றுக் கொடுத்தார்.

வைப்பரைப் போட்டேன், ஓடியது. நிறுத்தினேன், நின்றது. இந்தச் சாதாரண விஷயத்துக்கு இத்தனை சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை. அண்ணாச்சியின் கூலி அந்த நாளில் பிரானூர் பார்டர் பரோட்டாவோடு முடிந்துவிடும். இப்போது வந்த பில் ஐந்து இலக்கம். அதில் கை வேலைக்கான கூலிதான் ஆகச் சிறிய தொகை.

தம்பி வாரண்டித் தாளை நீட்டி ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். “தண்ணி, ஈரம் பட்டு வர்ற சேதத்துக்கு மட்டும் வாரண்டி கிடையாது, சார்.”

“தம்பி, இந்த வண்டி ஓடுறது குற்றாலத்துல.”

“தெரியும் சார். ஒரு ரிக்வெஸ்ட் லெட்டர் எழுதிக் கொடுங்க, மேல அனுப்பிப் பாக்கோம்.”