கல்லாவுல யாரு உக்காரப் போறா?

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. பிளான் அப்ரூவல் வாங்காம, வாய்க்காலை மறிக்காம, பக்கத்து மனைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை வாங்கிக் கட்டிக்காம மூணு மாடி எழுப்பின ஒரே ஆளு இந்தக் காரைக்கால்ல நீதான்னு உங்க அம்மாவுக்குப் பெருமை தாங்கல. அதான் தடியை ஊணிக்கிட்டு நானும் மாடியேறி வந்து உன் பொம்மை ஊரைச் சுத்திப் பாத்தேன். பிரமாதம். நாப்பது குறை இருக்கு, ஆனா ஒண்ணைக்கூடச் சொல்ல மாட்டேன். பெரியவன் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்ல.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கறேன். அந்த மூலையில பாரீஸ் ஓட்டல். 2014ல லெகோ கம்பெனி விட்டது, 2469 துண்டு, மேல் மாடியில படம் வரையறவன் ஒருத்தன் ஒண்டிக்குடித்தனம் இருக்கான்னு நீதான் மூச்சு விடாம ஒப்பிச்சே. அதுக்குப் பக்கத்துல 2016ல வந்த பேங்கு, பேங்குக் கட்டடத்துலயே துணி வெளுக்கிற கடை. பேங்கையும் வெளுப்பையும் ஒரே கூரைக்குள்ள வெச்சவன் லேசுப்பட்டவன் இல்லடா, உலக நடப்புத் தெரிஞ்சவன். எல்லாம் சரி. இந்தத் தெருவுல எந்தக் கடை வாசல்லயாவது ஒருத்தன் நின்னு "என்ன வெல?"ன்னு கேட்ட மாதிரித் தெரியலையே, ஏன்?

செங்கல்லு வாங்கின இடத்துலயே விவரம் தெரிஞ்சிருக்கணும். இதை விக்கிறவன் டென்மார்க்காரன். அவன் நமக்குப் புதுசா? பூவம் எல்லையத் தாண்டி நண்டலாத்துப் பாலத்தைக் கடந்தா, கொஞ்ச தூரத்துல தரங்கம்பாடி. 1620ல கப்பல்ல வந்து, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி, கடலோரத்துல டேன்ஸ்போர்க் கோட்டையக் கட்டி, மிளகு வியாபாரம் பாத்தவன் அவன். வியாபாரம் படுத்ததும் 1845ல அதையும் வங்காளத்து செராம்பூரையும் சேத்துப் பன்னண்டரை லட்ச ரூபாய்க்கு வெள்ளைக்காரன் தலையில கட்டிட்டுக் கப்பலேறிட்டான். அப்பாடா, தொலைஞ்சான்னு நாம இருந்தோம். 1932ல பில்லுண்டுங்கற ஊர்ல ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்னு ஒரு தச்சர், ஏணியும் இஸ்திரிப் பலகையும் செஞ்சுக்கிட்டிருந்தவர், மர பொம்மை செய்ய ஆரம்பிச்சார். அப்புறம் இங்கிலாந்துல ஹிலரி பேஜ்னு ஒருத்தர் செஞ்ச பிளாஸ்டிக் செங்கல்லைப் பாத்து இவரும் ஒண்ணு செஞ்சார். 1958ல அவர் மகன் அடிப்பக்கம் குழாய் வெச்சுப் பேடன்ட் எழுதிக்கிட்டார். அன்னிக்குப் பிடிச்ச பிடி இன்னும் விடல, உன் நகம்தான் உடையுது. நம்ம கரையில கடை போட வந்த ஊர்க்காரன்கிட்டயே இன்னிக்கு நாம கடை கட்டச் செங்கல் வாங்குறோம். அதுவும் பொம்மைக் கடைக்கு. நானூறு வருஷத்துல அவன் எங்க போயிட்டான், நாம எங்க இருக்கோம்னு கணக்குப் போட்டுப் பாத்துக்க.

வெலையாவது மலிவா? காரைக்கால்னா எல்லாம் சல்லிசுன்னு சுத்துப்பட்டுல பேரு. பெட்ரோலுக்கு உண்டு, மத்ததுக்கும் உண்டு, நான் வாயைத் தொறக்கல. பொம்மைக்குக் கிடையாது. சுங்க வரி டெல்லிக்காரன் போடுறது. வெளிநாட்டு பொம்மைக்கு 20 சதவீதமா இருந்ததை 2020ல 60 ஆக்கினான், 2023ல 70 ஆக்கினான். அதான் பாரீஸ்ல இருக்கிற உங்க மாமன் ஒவ்வொரு தடவையும் சென்ட்டு பாட்டிலுக்குப் பதிலா இதைப் பெட்டியில அடைச்சுக்கிட்டு வர்றான். எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கியாந்தான். காரைக்கால்ல. சித்திரை மாசத்துல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்க அப்பாயி கொலு வைக்கையில படிக்குக் கீழ மணல் பரப்பி ஊர் ஒண்ணு கட்டுவா, ஞாபகம் இருக்கா? கேழ்வரகு தெளிச்சா புல்லு, கண்ணாடியக் கவுத்தா குளம். அந்த ஊர்ல ஒரே ஒரு கடை. செட்டியாரும் அவர் வீட்டம்மாவும் தொப்பையும் தொந்தியுமா உக்காந்திருப்பாங்க, முன்னால கொட்டாங்குச்சி அளவுல அரிசி, பருப்பு, மிளகா, உப்பு. அந்தக் கடைக்குச் செவுரு கிடையாது. கூரை, போர்டு, கதவு ஒண்ணும் கிடையாது. சுண்டல் வாங்க வந்த எந்தப் பொண்ணும் இது என்ன கட்டடம்னு கேட்டதில்ல. பாத்த மாத்திரத்துல கடைன்னு தெரியும். விக்கிறவன் உக்காந்திருக்கான், சரக்கு குவிஞ்சிருக்கு, வாங்குறவ வந்து நிக்க நாலு விரக்கடை மணல் காலியாக் கிடக்கு.

நீ என்ன பண்றே? செவுரை எழுப்புறே, சன்னல் வைக்கிறே, மாடி கட்டுறே, கூரை மேல புறாவைக்கூட உக்கார வைக்கிறே. எல்லாம் முடிஞ்சு மீதி இருக்கிற சந்துல ஒரு ஆளை நட்டு, "இவர்தான் ஓனர்"ங்கறே. பாவம், அவரால குனியக்கூட முடியல. சரக்கு எங்கன்னு கேட்டா, துண்டு தீந்துபோச்சுங்கறே.

அதனால மாத்திக் கட்டு. மொதல்ல கல்லாப்பெட்டி. அதுக்குப் பின்னால ஆளு. உன் பொம்மை ஆளு நாலு செங்கல் உசரம், சுமார் நாலு சென்டிமீட்டர். அவன் கையை நீட்டினா சரக்கு எட்டணும். வாசல்ல ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் இடிக்காம நிக்கணும், மூணாவது ஆள் இடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும். இதெல்லாம் அமைஞ்ச பிறகு அவங்களைச் சுத்திச் செவுரு எழுப்பு. நான் இருபது வருஷத்துக்கு மேல பெட்டிக்கடை வெச்சவன்டா, அதுக்கு உன் செங்கல் முதுகுல இருக்கிற குமிழ் கணக்குல ஆறு குமிழ் அகலம் போதும். உன் கணக்குப்படியே குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், ஆக அஞ்சு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. அதுக்குள்ள ஒரு குடும்பத்தையே கரையேத்தியிருக்கேன். நீ 32 குமிழ் பலகை முழுசையும் ஒரே கடைக்குக் குடுத்துட்டு, உள்ள ஒரு ரொட்டியை வெச்சிருக்கே. வாடகை எப்படிடா கட்டுவான்?

பெட்டிக்கடைக்கு வேண்டியது சொல்றேன், எழுதிக்க. வாழைத்தார் தொங்கணும், லெகோவுல வாழைப்பழத் துண்டே வருதாமே. கண்ணாடி நிறத்து உருண்டைச் செங்கல்லுல நாலஞ்சு ஜாடி, ஒண்ணுல கமர்கட்டு, ஒண்ணுல தேன்மிட்டாய், ஒண்ணு காலி. ஷாம்பு பாக்கெட்டுச் சரம். ஓரத்துக் கம்பத்துல பீடி பத்தவைக்கிற நெருப்புக் கயிறு. கடன் நோட்டு ஒண்ணு, நல்லாத் தடியா.

கதவு விஷயத்துக்கு வா. நீ வெச்சிருக்கிற கண்ணாடிக் கதவு ஆஸ்பத்திரிக்கு ஆகும். பழைய கடைத்தெருவுல பலகைக் கதவுதான். ஒண்ணு, ரெண்டுன்னு சுண்ணாம்புல நம்பர் எழுதின பலகைங்களைக் காடியில வரிசையா இறக்கணும். வரிசை மாறினா கடைசிப் பலகை உள்ள போகாது, கடையைப் பூட்டவும் முடியாது. உன் டப்பாவைக் கிளறினேன், பக்கவாட்டுல காடி விழுந்த செங்கல்லு கிடக்கு, காடியில சறுக்குற விளிம்பு வெச்ச பிளேட்டும் கிடக்கு. டென்மார்க்காரன் கார் ஷெட்டுக்குன்னு செஞ்சிருப்பான். நீ அதை நிமித்தி நிறுத்தினா நம்ம மளிகைக்கடை ராத்திரி ஒம்பது மணிக்கு மூடிடும்.

போர்டு நிறுத்தத் தெரியாம தவிச்சியே, அதுக்கும் கணக்கு இருக்கு. செங்கல் உசரம் 9.6 மில்லிமீட்டர், பிளேட்டு அதுல மூணுல ஒண்ணு, 3.2. அஞ்சு பிளேட்டை அடுக்கினா 16, அதாவது சரியா ரெண்டு குமிழ் அகலம். இந்த ஒரு கணக்கு கைவசம் இருந்தா துண்டுகளைப் படுக்கப்போட்டு, குமிழ் தெருவைப் பாக்கிற மாதிரித் திருப்பி, இடுக்கு விடாம போர்டு கட்டிடலாம். கூரைக்கும் அதே வித்தைதான். மரக்கட்டை அடுக்கின மாதிரி முகம் உருண்ட செங்கல் ஒண்ணு வருதே, அதைப் படுக்க வெச்சு வரிசையா இறக்கிப் பாரு, அசல் நாட்டு ஓடு. நாலு வரிசைக்கு ஒரு ஓட்டை மட்டும் வேற நிறத்துல போடு. எந்த வீட்டுலடா எல்லா ஓடும் ஒரே வயசு?

இப்ப உன் நடைபாதை. ரொம்பச் சுத்தம். இவ்வளவு சுத்தமான நடைபாதையை நான் கல்யாணப் பத்திரிகையிலகூடப் பாத்ததில்ல. ரெண்டு குமிழ் அகலத்தை நீளத்துக்கும் பேத்து எடுத்துச் சாக்கடை விடு, கடை கடைக்கு ஒரு கருங்கல் பலகை குறுக்கே போடு. ரோட்டை மூணு பிளேட்டு உசத்து. ஏன்னு கேக்காதே, ரோடு மேல ரோடாப் போட்டே பழகிப்போச்சு. உன் கடை வாசல் பள்ளத்துல இருந்தாத்தான் ஐப்பசி மழையில தண்ணி உள்ள வந்து ஊரு மாதிரித் தெரியும்.

மாடிய லேசாத் தூக்கி உள்ள பாக்கலாம்னு காட்டினே. தளத்துல குமிழைக் குறைச்சு வழவழன்னு டைல் ஒட்டியிருக்கே, கெட்டிக்கார வேலை, ஒத்துக்கறேன். நம்ம ஊருக்கு அது தேவையில்ல. கூரையத் தூக்காமலே எந்த வீட்டுல என்ன குழம்புன்னு தெருவுக்கே தெரியும். மாடி வேண்டியது வேற காரியத்துக்கு. ஆனி பௌர்ணமி மாங்கனித் திருவிழா வருதே, பிச்சாண்டவர் வீதியுலா வர்றப்போ மாடியில இருந்து மாம்பழம் எறியணும்ல? அப்போ ஒவ்வொரு கடை மேலயும் மொட்டைமாடி, இடுப்பளவு கைப்பிடிச் செவுரு, பத்துப் பேர் நெரிசல். மாம்பழத்துக்கு மஞ்சள் நிறத்துச் சின்ன வட்டத் துண்டு, ஒட்டாம உதிரியாக் கிடக்கட்டும். நம்ம ஊர்க் கதையே கடையிலதானடா ஆரம்பிக்குது. வியாபாரி பரமதத்தனுக்கு யாரோ ரெண்டு மாம்பழம் குடுத்தாங்க, வீட்டுக்கு அனுப்பி வெச்சார். வந்து கேட்டா ஒண்ணு குறையுது, புனிதவதி அதைச் சிவனடியாருக்குப் போட்டுட்டா. அன்னிக்கு ஸ்டாக் கணக்கு சரியா இருந்திருந்தா நமக்குக் காரைக்கால் அம்மையாரே கிடைச்சிருக்க மாட்டாங்க. நாயன்மார் அறுபத்து மூணு பேர்ல ஒரு இடம் காலியாப் போயிருக்கும்.

இன்னொரு கடை விட்டுப்போச்சு. எதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாஞ்சூர் எல்லையில பஸ்ஸை விட்டு இறங்குறவனுக்கும் தெரியும். கொழந்தைங்க சமாச்சாரம்னு லெகோக்காரன் அதைச் செய்யமாட்டான், நீயும் பாட்டில் கீட்டில் வெச்சுத் தொலைக்காதே. பாதி இறக்கின ஷட்டரோட ஒரு கடை கட்டு. போர்டு வேண்டாம். முன்னால டி.என். 51 நம்பர் வண்டி நாலு நிறுத்து. எதிர்த்தாப்புல சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருத்தர், வேற பக்கம் திரும்பி நிக்கட்டும். உங்க அப்பன் பாத்த உடனே புரிஞ்சுக்குவான். புரியாத மாதிரியும் இருப்பான்.

கம்ப்யூட்டர்ல கட்டிப் பாக்கறேன்னு சொன்னே. பிரிக்லிங்க்குன்னு ஒரு சந்தை, 2000ல ஒரு தனியாள் ஆரம்பிச்சது, 2019ல லெகோ கம்பெனியே வாங்கிப் போட்டுக்கிச்சு. அவங்க ஸ்டூடியோங்கற சாஃப்ட்வேர்ல கட்டினா எத்தனை துண்டுன்னு பட்டியல் குடுக்குமாம். கட்டிப் பாரு. ஆனா திரையில சரக்கு தீராது, அதனால கை நீளும். இல்லாத நிறத்துல எல்லாம் ஓடு போட்டுடுவே, அப்புறம் அந்தத் துண்டை அந்த நிறத்துல எவனும் வார்க்கவே இல்லைன்னு தெரியும். எட்டுக் குமிழ் செங்கல் ஆறே ஆறு, ஒரே நிறம், அதை 91,51,03,765 விதமா மாட்டலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. டப்பாவுல இருக்கிறதை வெச்சு ஆரம்பிச்சாலே உன் பேரன் காலம் வரைக்கும் வரும்.

கடைசியா உங்க அக்கா மவன். தவழ ஆரம்பிச்சுட்டான், நேத்து உன் ரூம் வாசப்படி வரைக்கும் வந்து நோட்டம் பாத்துட்டுப் போயிருக்கான். பிள்ளைத்தமிழ்ல ஆம்பளப் புள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல்னு ஒரு பருவமே ஒதுக்கி வெச்சிருக்காங்க புலவருங்க. பொண்ணுங்க மணல்ல கட்டின வீட்டை இடிக்கிறது அவன் உத்தியோகம், கெஞ்சுறது அவங்க உத்தியோகம். அதனால வட்டத் துண்டு எதையும் தரையில விடாதே, வாயில போட்டுக்குவான். பலகையத் தூக்கி மேசை மேல வை. மூலைக்கடை ரெண்டு குமிழ் சாக்கடை மேல நீட்டிக்கிட்டு நிக்குது, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஜேசிபி வர்றதுக்குள்ள அதை நீயே உள்ள தள்ளிக் கட்டிடு.