கரண்ட் கேள்வி, கடற்கரைப் பதில்

கே: தரையில் ஓடும் கேரவன், வெளியே பிளக் போட்டு எடுக்கும் கரண்டுக்குக் 'கரை மின்சாரம்' என்று ஏன் பெயர்? (மண்டபம் வாசகர்)

ப: கப்பல்காரர்கள் பேச்சு. துறைமுகத்தில் கட்டிய கப்பல் தன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கேபிள் இழுத்துக்கொள்ளும். கேரவன் அந்தப் பெயரையும் சேர்த்து இழுத்து வந்துவிட்டது. நம்மூரில் லாட்ஜ் வாசல் பிளக்தான் கரை.

கே: இன்வெர்ட்டர் ஓடும்போதே லாட்ஜ் பிளக்கையும் செருகினால் டபுள் பவர் கிடைக்குமா? (பரமக்குடி வாசகி)

ப: டபுள் கிடைக்காது அம்மா, இருக்கிற இன்வெர்ட்டரும் போய்விடும். இரண்டும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒன்றின் அலை மேலே ஏறும்போது மற்றதன் அலை கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். மோதினால் புகைதான். ஊரில் கரண்ட் நின்ற நேரத்தில் உங்கள் இன்வெர்ட்டர் லைனுக்குள் திரும்பி ஏறினால், கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக மாற்றுகிற, நடுவில் 'ஆஃப்' உள்ள சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். ஒரு உறைக்கு ஒரு கத்தி.

கே: சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டேன் சார். இன்வெர்ட்டர் பக்கம் தள்ளினால் பேட்டரி சட்டென்று இறங்குகிறது. ஓடுவது ஒரே ஒரு ஃபேன்! (கீழக்கரை வாசகர்)

ப: சார்ஜரை அணைத்தீர்களா? பேட்டரி இன்வெர்ட்டருக்குக் கொடுக்க, இன்வெர்ட்டர் சார்ஜருக்குக் கொடுக்க, சார்ஜர் அதையே பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வந்த மொய்யை வந்தவருக்கே எழுதுகிற கணக்கு. பந்தல் செலவு மட்டும் உங்களுடையது, சூடாக.

கே: ஏ.சி. ஓடுமா? (அதே வாசகர், விடவில்லை)

ப: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் காகிதத்தில் 1.8 யூனிட். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுசு குறையும். மிச்சம் 0.9. ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் தின்னும். கண் அசருவதற்குள் விடிந்துவிடும், பேட்டரிக்கு. இரண்டு ஃபேன், ஒரு விளக்கு என்றால் நாலைந்து மணி நேரம் தாராளம்.

கே: கமுதியில் 648 மெகாவாட் சோலார். என் கேரவன் கூரையில் ஒரு தகடு போதாதா? (கமுதியிலிருந்தே)

ப: 2016-இல் வந்த அந்த நிலையம் பரந்திருப்பது 2,500 ஏக்கரில். உங்கள் கூரை? 300 வாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு ஒன்றே கால் யூனிட் தந்தால் கும்பிடுங்கள். கமுதியில் தகடு துடைக்க ரோபோ இருக்கிறது. வண்டியை ராமேஸ்வரத்துக்கு ஓட்டி வந்தால், அந்த உப்புக்காற்றில் தகட்டைத் துடைப்பது நீங்கள்தான். பேட்டரி முனையில் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார்ப்பதும் நீங்கள்தான்.

கே: கேரவன் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. (தங்கச்சிமடம் வாசகி)

ப: எனக்கும் ஒரு லாட்ஜ் வாசலில் நடந்தது. பிளக்கில் எர்த் துளை இருந்தது, பின்னால் கம்பி இல்லை. வண்டி நிற்பது ரப்பர் டயரில், கசிகிற கரண்டுக்கு இறங்க வழி கிடையாது. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, சொட்டச் சொட்ட வெறுங்காலோடு கைப்பிடியைப் பிடித்தால் நீங்களே எர்த் கம்பி. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆகாத கரை அது, அன்றைக்கு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுங்கள்.